மென்பொருளின் பகுதிகளைத் தனித்தனியே வெளியிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருளைக் குறுகிய சுற்றுகளில் சிறுசிறிதாக உருவாக்கும் அஜைல் முறையைப் பின்பற்றும் பல குழுக்களில் வேலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்துவிடுகிறது. முடிந்த வேலை பயனரின் கைக்குப் போய்ச் சேர மட்டும் மாதக்கணக்கில் ஆகிறது. முழுத் தயாரிப்பும் ஒரே மூட்டையாகத்தான் வெளியே போக முடியும் என்ற நிலையே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த மூட்டையைப் பிரிக்க முனையும் குழுக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

தனித்தனியே வெளியிடுவது என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

தயாரிப்பின் ஒரு பகுதியின் புதிய பதிப்பை, மற்றப் பகுதிகள் எதையும் மாற்றாமல், மற்றக் குழுக்களின் ஒப்புதலுக்கோ கால அட்டவணைக்கோ காத்திராமல், பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடிவதை இது குறிக்கிறது. பணம் செலுத்தும் பகுதியில் ஒரு பிழை திருத்தப்பட்டால், தேடலும் அறிக்கையும் அவை இருந்த பதிப்பிலேயே தொடர்ந்து ஓட, அந்த ஒரு பகுதி மட்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். தனி ரெப்பாசிட்டரி (நிரலைச் சேமிக்கும் இடம்), தனி பில்ட் (நிரலை ஓடும் வடிவமாக்குவது), தனி சர்வர் ஆகியவை இதற்குத் துணைசெய்யலாம். ஆனால் அவை இருப்பதாலேயே தனி வெளியீடு கைகூடிவிட்டதாகக் கொள்ள முடியாது. அண்மைக்கால வெளியீடுகளின் பட்டியலை எடுத்து, இந்தப் பகுதி வேறு எதுவும் உடன்வராமல் தனியாக எத்தனை முறை போயிருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறைகூட இல்லையென்றால், வடிவமைப்புப் படத்தில் எத்தனை பெட்டிகள் வரைந்திருந்தாலும், வெளியீட்டைப் பொறுத்தவரை அது தனிப் பகுதி அல்ல.

ஸ்பிரின்ட் முடிவில்தானே வெளியிட வேண்டும்?

அப்படி ஒரு விதி கிடையாது. ஸ்பிரின்ட் என்பது, ஸ்க்ரம் என்ற அஜைல் முறையில் வேலை நடக்கும் குறுகிய, நிலையான காலச் சுற்று. 2001-ல் வெளியான அஜைல் கொள்கை அறிக்கை, இயங்கும் மென்பொருளை இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரையிலான இடைவெளியில், இயன்றவரை குறுகிய இடைவெளியில், வழங்குமாறு சொல்கிறது. ஸ்பிரின்ட் என்ற சொல்லே அதில் இல்லை. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: ஒரே ஸ்பிரின்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்கிரிமென்ட்டுகள் (பயன்படுத்தத் தக்க புதிய சேர்ப்புகள்) உருவாகலாம், ஸ்பிரின்ட் முடியும் முன்பே அவற்றை வழங்கலாம், முடித்த வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ஸ்பிரின்ட் ரிவ்யூவை வெளியீட்டுக்கான வாயிற்கதவாகக் கருதவே கூடாது. பெரிய நிறுவனங்களில் பின்பற்றப்படும் சேஃப் (SAFe) என்ற அஜைல் முறையும், உருவாக்குவது ஒரு சீரான தாளத்தில், வெளியிடுவது தேவைப்படும்போது என்று இரண்டையும் பிரித்தே வைக்கிறது. திட்டமிடுவதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் ஒரு தாளம் நல்லது. வெளியீட்டை அதே தாளத்தோடு கட்டிப்போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சர்வரில் நிறுவினாலே வெளியிட்டதாகிவிடுமா?

இல்லை. இந்த இரண்டையும் பிரிப்பதுதான், என் கணிப்பில், தனி வெளியீட்டின் பாதி வேலை. புதிய நிரல் சர்வரில் ஏறி ஓடிக்கொண்டிருக்கலாம்; அதிலுள்ள புதிய வசதி ஒரு ஃபீச்சர் ஃபிளாகின் (வசதியைத் திறக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்சின்) பின்னால் அணைந்தே இருக்கலாம். நிறுவுவது தொழில்நுட்பக் குழுவின் முடிவு. வசதியை யாருக்கு, எப்போது திறந்துவிடுவது என்பது தயாரிப்புப் பொறுப்பாளரின் முடிவு. மூன்று குழுக்களின் வேலை சேர்ந்தால்தான் ஒரு வசதி முழுமையடையும் என்றாலும், மூவரும் தத்தம் பகுதியை வெவ்வேறு நாளில் நிறுவிவிட்டு, கடைசியில் ஃபிளாகை மட்டும் திறக்கலாம். மூவரும் ஒரே இரவில் கூடி உட்கார வேண்டிய தேவை இதனால் மறைகிறது.

ஃபிளாகுகளைக் கவனமின்றிக் கையாண்டால் விளைவு கடுமையாக இருக்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் நடந்ததை இத்துறையில் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வசதியின் ஃபிளாகை அவர்கள் புதிய வசதிக்கு மறுபடியும் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது; ஒன்றில் ஏறவில்லை. காலையில் ஃபிளாக் திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் பழைய வசதி உயிர்பெற்று, நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 44 கோடி டாலருக்கும் அதிகம். ஒரு ஃபிளாகின் பெயரை இன்னொரு வேலைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிளாகுக்கும் ஒரு பொறுப்பாளரும் நீக்கும் தேதியும் இருக்கட்டும். அதன் பின்னால் இருந்த பழைய நிரலையும் அன்றே அழித்துவிடுங்கள்.

பகுதிகளுக்கு நடுவே எல்லைக்கோட்டை எங்கே வரைவது?

பெரும்பாலான குழுக்கள் முதலில் திரை, சேவை, தரவுத்தளம் என்று அடுக்குகளாகப் பிரிக்கின்றன. இந்தப் பிரிவு பார்க்க ஒழுங்காக இருக்கும், வெளியீட்டுக்கு உதவாது. ஏனென்றால் பயனர் கேட்கும் எந்தச் சிறு மாற்றமும் மூன்று அடுக்குகளையும் தொடும், அதனால் மூன்றும் சேர்ந்தே வெளியே போக வேண்டியிருக்கும். மாறும் வேகமும் மாறுவதற்கான காரணமும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே கோடு விழ வேண்டும். வரி விதி மாறினால் மாறுவது ஒரு பகுதி. புதிய கைபேசி சந்தைக்கு வந்தால் மாறுவது இன்னொரு பகுதி. ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாதது மூன்றாவது.

ஆண்ட்ராய்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. தொடக்கத்தில் செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ, இயங்குதளத்தோடு பின்னிக் கிடந்தது. அதில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், கைபேசி தயாரிப்பாளர் முழு இயங்குதளத்தையும் புதுப்பித்துத் தரும்வரை பயனர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-லிருந்து வெப்வியூ தனியாகப் பிரிக்கப்பட்டு, பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகிறது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த மெயின்லைன் திட்டம், மீடியா கோடெக்குகள் (ஒலியையும் காணொளியையும் சுருக்கி விரிக்கும் நிரல்கள்), நேர மண்டலத் தரவு போன்றவற்றையும் அதேபோல் பிரித்தெடுத்தது. நேர மண்டலத் தரவைப் பாருங்கள்: ஒரு நாட்டு அரசு கோடைகால நேரத்தை மாற்றி அறிவிப்பதற்கும் இயங்குதளத்தின் ஆண்டு வெளியீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பில்லாத இரண்டு கால அட்டவணைகள் ஒரே மூட்டையில் கிடந்தன என்பதே பிரிப்பதற்குப் போதுமான காரணம்.

குழு அமைப்பையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தகவல்தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-ல் வெளியான கட்டுரையில் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஒரு பகுதியை இரண்டு குழுக்கள் பங்கிட்டுக்கொண்டால் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு கூட்டம் போட வேண்டிவரும்.

அப்படியானால் மைக்ரோசர்வீஸுக்கு (தயாரிப்பைத் தனித்தனியே ஓடும் சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறைக்கு) மாறியாக வேண்டுமா?

வேண்டியதில்லை. உள்ளே ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட ஒரே பயன்பாட்டை நாளுக்குப் பலமுறை வெளியிடும் குழுக்கள் உண்டு. அவர்களுக்குப் பகுதிகளைப் பிரிக்க வேண்டிய நெருக்கடியே வராமல் போகலாம். மாறாக, ஐம்பது சேவைகளை வைத்துக்கொண்டு, அவற்றை எந்த வரிசையில் ஏற்றுவது என்று ஒரு எக்ஸெல் தாளில் எழுதி, வார இறுதியில் மொத்தமாக ஏற்றும் குழுக்களும் உண்டு. பின்னது மோசமான நிலை: பழைய பிணைப்பு அப்படியே இருக்க, வலையமைப்புத் தாமதமும் சில சேவைகள் மட்டும் செயலிழக்கும் சிக்கல்களும் கூடுதலாக வந்து சேர்கின்றன.

ஒரு மாற்றம் இரண்டு பகுதிகளையும் தொட்டால் என்ன செய்வது?

பகுதிகளைத் தனித்தனியே வெளியிடும் அமைப்பில், எந்த நொடியிலும் ஒரு பகுதியின் புதிய பதிப்பும் அதன் பக்கத்துப் பகுதியின் பழைய பதிப்பும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தற்காலிக இடையூறாகக் கருதாமல் நிரந்தர நிலையாக ஏற்றுக்கொண்டு வடிவமைக்க வேண்டும். அப்படி ஏற்றுக்கொண்டால், புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பெறுபவர் முதலில் தயாராக வேண்டும், அதன் பிறகே அனுப்புபவர் அனுப்ப வேண்டும். ஒன்றை நீக்கும்போது பயன்படுத்துபவர்கள் எல்லோரும் முதலில் கைவிட வேண்டும், அதன் பிறகே கொடுப்பவர் நீக்க வேண்டும் என்ற வரிசை தானாகவே விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் அட்டவணையில் தொலைபேசி எண்ணுக்கு ஒரே ஒரு புலம் இருக்கிறது; இனி ஒருவருக்குப் பல எண்கள் வேண்டும். அந்தப் புலத்தைக் குறுஞ்செய்திப் பகுதி, பில் பகுதி, அறிக்கைப் பகுதி ஆகிய மூன்றும் படிக்கின்றன. ஒரே இரவில் புலத்தை நீக்கி நான்கு பகுதிகளையும் மாற்றி ஏற்றுவது பழைய வழி. தனித்தனியே செய்தால் வேலை இப்படிப் போகும். முதல் வெளியீட்டில் எண்களுக்கென்று புதிய அட்டவணை ஒன்று சேர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். யாரும் அதைத் தொடுவதில்லை. இரண்டாவதில், வாடிக்கையாளர் பகுதி பழைய புலத்திலும் புதிய அட்டவணையிலும் எழுதத் தொடங்குகிறது. படிப்பது இன்னும் பழையதிலிருந்தே. பிறகு ஏற்கெனவே இருக்கும் பதிவுகள் சிறுசிறு தொகுதிகளாக நகலெடுக்கப்பட்டு, இரண்டு இடங்களிலும் ஒரே மதிப்பு இருக்கிறதா என்று ஒப்பிடப்படுகின்றன. அடுத்து மூன்று பகுதிகளும் தத்தமக்கு வசதியான வாரத்தில் புதிய அட்டவணையைப் படிக்க மாறிக்கொள்கின்றன. பழைய புலத்தை யாரும் படிக்கவில்லை என்று பதிவேடுகள் உறுதிப்படுத்திய பின்னரே அதில் எழுதுவது நிற்கிறது, புலம் நீக்கப்படுகிறது.

இந்த முறையை விரித்துச் சுருக்குதல் என்பார்கள். ஒரு வெளியீடு ஐந்தாறாக மாறுகிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றும் சிறியது, கடைசிப் படியைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் திரும்பி வர முடியும். கடைசிப் படிக்கு முன் எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வாரம் யாரும் படிக்கவில்லை என்றால் போதாது. காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கை வேலை ஒன்று அந்தப் புலத்தை நம்பியிருக்கலாம். அந்தச் சுற்று ஒருமுறை முடியும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் ஆதரிப்பது?

அதை ஊகத்துக்கு விடாமல் எழுத்தில் வைக்க வேண்டும். இதைத் தெளிவாகச் செய்திருக்கும் திட்டம், பல கணினிகளில் பயன்பாடுகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ். அதன் விதிப்படி, ஒவ்வொரு கணினியிலும் ஓடும் குபேலெட் என்ற முகவர் நிரல், அவற்றின் கோரிக்கைகளைப் பெறும் மைய ஏபிஐ சர்வரைவிட மூன்று மைனர் பதிப்புகள் (பதிப்பு எண்ணில் இரண்டாவது எண்) வரை பழையதாக இருக்கலாம். அதைவிடப் புதியதாக ஒருபோதும் இருக்கக் கூடாது. இந்த எல்லை முன்பு இரண்டு பதிப்புகளாக இருந்து, 2023-ல் வந்த 1.28 பதிப்பின்போது மூன்றாக நீட்டப்பட்டது. எது முதலில் ஏற வேண்டும், எவ்வளவு பின்தங்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே விதி விடை சொல்லிவிடுகிறது.

கைபேசிச் செயலி இருந்தால் நிலைமை கடினம். சர்வரை நீங்கள் மாற்றலாம்; பயனரின் கையிலிருக்கும் செயலியை அவர்தான் புதுப்பிக்க வேண்டும், பலர் மாதக்கணக்கில் அதைச் செய்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் செயலியின் பதிப்பு எண்ணை அனுப்பச் செய்து, எந்தப் பதிப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். மிகப் பழைய பதிப்பைக் கண்ணியமாகப் புதுப்பிக்கச் சொல்லும் திரையை முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்தால், அது தேவைப்படும் செயலிகளில் அது இருக்காது.

பதிப்பு எண்களை எப்படி இடுவது?

செமான்டிக் வெர்ஷனிங் முறை போதும். இணக்கம் முறிந்தால் முதல் எண்ணும், இணக்கம் முறியாமல் வசதி சேர்ந்தால் இரண்டாவது எண்ணும், பிழைத்திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது எண்ணும் உயரும். எண் ஒரு வாக்குறுதி மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். ஆர்டரின் நிலைகளில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது கொடுப்பவருக்குச் சிறு சேர்ப்பாகத் தெரியும். தெரிந்த நான்கு நிலைகளுக்கு மட்டும் நிரல் எழுதி, மற்றது வந்தால் பிழை காட்டும் பெறுநருக்கு அது முறிவு.

எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்காமல் எப்படி நம்பி வெளியிடுவது?

முழு அமைப்பையும் ஒரே சூழலில் நிறுத்திச் சோதிப்பதை வெளியீட்டுக்கு நிபந்தனையாக்கினால், அந்தச் சூழலுக்கான வரிசையில் எல்லாக் குழுக்களும் மறுபடி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பிரித்ததன் பயன் போய்விடும். அதோடு, அந்தச் சூழலில் இருக்கும் பதிப்புகளின் சேர்க்கையும் நாளை உண்மையான சர்வர்களில் இருக்கப்போகும் சேர்க்கையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதற்கு மாற்றாக இருப்பது ஒப்பந்தச் சோதனை. பெறும் பகுதி, தான் அனுப்பும் கோரிக்கை எது, விடையில் தான் உண்மையில் பயன்படுத்தும் புலங்கள் எவை என்பதை ஓடக்கூடிய சோதனையாக எழுதித் தருகிறது. கொடுக்கும் பகுதியின் ஒவ்வொரு பில்டிலும் அந்தச் சோதனைகள் ஓடுகின்றன; ஒரு புலத்தை நீக்கினால் யாருக்கு முறியும் என்பது அந்த நிமிடமே பெயரோடு தெரிந்துவிடுகிறது. பேக்ட் என்ற திறந்தமூலக் கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. முழு அமைப்புச் சோதனைகளை மொத்தமாக ஒழிக்கச் சொல்லவில்லை. பதிவுசெய்தல், பணம் செலுத்துதல் போன்ற உயிர்நாடியான சில பாதைகளுக்கு அவை இருக்கட்டும்.

நிரலைத் தொடாமல் தரவையோ அமைப்புக் கோப்பையோ மட்டும் அனுப்பினால் இவ்வளவு கவனம் தேவையா?

நிச்சயமாகத் தேவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பியது நிரல் அல்ல. தாக்குதல்களை அடையாளம் காணும் விதிகள் அடங்கிய ஓர் உள்ளடக்கக் கோப்பு. புதிய விதி 21-ஆவது உள்ளீட்டுப் புலத்தைப் பார்க்க முயன்றது. கணினிகளில் ஏற்கெனவே இருந்த நிரலோ 20 புலங்களை மட்டுமே கொடுத்தது. இல்லாத புலத்தைப் படிக்கப்போய் விண்டோஸே முடங்கியது. கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் சேவைகள் தடைப்பட்டன. நிரலுக்குப் படிப்படியான வெளியீடு இருந்தது. இந்தக் கோப்புகளுக்கு இல்லை. தனியே பயணிக்கும் எதுவும் ஒரு பகுதிதான். அதற்கும் ஒப்பந்தம், சோதனை, படிப்படியான வெளியீடு ஆகிய மூன்றும் வேண்டும்.

தவறு நேர்ந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பினால் போதுமா?

சில வேளைகளில் போதும். புதிய பதிப்பை முதலில் ஒரு விழுக்காட்டினருக்கு மட்டும் கொடுத்து, பிழை விகிதத்தையும் தாமதத்தையும் பார்த்த பிறகு விரிவாக்கும் கேனரி முறையைக் கடைப்பிடித்தால் பாதிப்பும் சிறிதாகவே இருக்கும். ஆனால் புதிய பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பால் படிக்க முடியுமா என்பதை முன்னரே சோதித்திருக்க வேண்டும். மேலே சொன்ன நைட் கேப்பிட்டலில், குழப்பத்தின் நடுவே சரியாக நிறுவப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். ஃபிளாக் திறந்தே இருந்ததால் அந்த ஏழிலும் பழைய வசதி ஓடத் தொடங்கி இழப்பு கூடியது. நிரலைப் பின்வாங்கும் முன் ஃபிளாகை அணைக்க வேண்டும் என்பதுபோன்ற வரிசைகளை அமைதியான நாளில் எழுதி, ஒத்திகை பார்த்து வையுங்கள்.

எந்தச் சூழலில் இதைத் தவிர்க்கலாம்?

ஐந்தாறு பேர் சேர்ந்து உருவாக்கும், ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கும் தயாரிப்புக்குப் பெரும்பாலும் இது தேவையில்லை. முழுவதையும் அடிக்கடி வெளியிடுவதே எளிது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முழு அமைப்பாகச் சான்றளிப்பு பெற வேண்டிய மருத்துவக் கருவிகள் போன்றவற்றில், எந்தப் பகுதி அந்தச் சான்றளிப்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை முதலில் ஒழுங்குமுறை வல்லுநரோடு உட்கார்ந்து வரையறுத்துக்கொள்ளுங்கள். பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம் வாரம்தோறும் மாறிக்கொண்டிருக்கும் ஆரம்பக் காலத் தயாரிப்பிலும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம்; தவறாக விழுந்த எல்லைக்கோட்டை இரண்டு ரெப்பாசிட்டரிகளுக்கு நடுவே நகர்த்துவது மிகவும் சிரமம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி மாறுவதாகவும், குறைவான பகுதிகள் நம்பியிருப்பதாகவும் அது இருக்கட்டும்; மின்னஞ்சல் அறிவிப்புப் பகுதி பல தயாரிப்புகளில் இதற்குப் பொருத்தமாக அமையும். அதன் இடைமுகத்தை எழுதி வையுங்கள், அதை நம்பியிருக்கும் பகுதிகளிடமிருந்து ஒப்பந்தச் சோதனைகளைப் பெறுங்கள், அது மற்றவர்களின் அட்டவணைகளை நேரடியாகப் படிக்கும் இடங்களை ஒவ்வொன்றாக அறுத்துவிடுங்கள். குழுவின் ‘முடிந்தது’ என்ற வரையறையில், பக்கத்துப் பகுதிகளின் தற்போதைய பதிப்போடும் முந்தைய பதிப்போடும் ஓடிக் காட்டியது என்ற ஒரு வரியைச் சேருங்கள். பிறகு, பெரிய வெளியீடு எதுவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தின் நடுவில், ஒரு சிறு மாற்றத்தோடு அதை மட்டும் தனியாக வெளியிடுங்கள். அந்த வெளியீட்டுக்கு யாரிடமெல்லாம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, யாருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அன்றே குறித்து வைத்தால், அடுத்து எந்தப் பிணைப்பை அவிழ்க்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.